ஈம் கிராமம்: 1666இல் ஊரே சேர்ந்து போட்ட எல்லைக்கோடு

கல்தச்சன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஷெஃபீல்டுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கிருந்து தென்மேற்கே, டார்பிஷயர் பீக் மலைப்பகுதியில் ஈம் என்று ஒரு சின்ன ஊர். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தால் வாயில் 'இயாம்' என்றுதான் வரும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்பார்கள். இன்றைக்கும் ஆயிரம் பேர் தேறாத ஊர். போன ஞாயிறு நான்காவது முறையாகப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத் திரும்புகிறேன், அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1665 கோடை முடிவில் லண்டனிலிருந்து ஒரு துணிமூட்டை இந்த ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு வந்தது. லண்டனில் அப்போது பிளேக் கொத்துக்கொத்தாக ஆட்களை வாரிக்கொண்டிருந்த நேரம். துணி நமுத்திருந்ததால் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர் அதை அடுப்பு நெருப்பருகில் விரித்துக் காயப்போட்டார். துணியோடு தெள்ளுப்பூச்சியும் வந்திருந்தது என்கிறார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி விக்கர்ஸை அடக்கம் செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அதே வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பரும், அக்கம்பக்கத்தில் வேறு சிலரும் போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஜூனில் ஊர் கூடி மூன்று முடிவுகள் எடுத்தது. இறந்தவர்களைத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்வதில்லை; அவரவர் குடும்பமே தங்கள் கொல்லையிலோ வயலிலோ புதைத்துக்கொள்வது. வழிபாட்டைத் தேவாலயத்துக்குள் நடத்தாமல், கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்தவெளியில், குடும்பத்துக்குக் குடும்பம் விலகி நின்று நடத்துவது. மூன்றாவது, ஊரைச் சுற்றி ஒரு எல்லை குறித்து உள்ளே இருப்பவர் வெளியே போகாமலும் வெளியே இருப்பவர் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது. நவம்பர் 1ஆம் தேதி கடைசி மரணம் நிகழ்ந்தபோது கணக்கு ஏறத்தாழ 260.

இந்தக் கதைக்கு அடையாளமாக நிற்கும் இடங்களைப் பற்றியும், கதையில் எவ்வளவு உண்மை என்பதைப் பற்றியும் பேசலாமா? ஊர்ப்பக்கம் போனவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள்.


கிணற்றடி எழுதியது:

நல்ல இழை தம்பி. பத்து வருடத்துக்கு மேல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வசித்தவள் நான். எனக்குப் பிடித்த இடம் எல்லைக்கல். ஈமுக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில், புல்வெளிச் சரிவில் கிடக்கும் ஒரு பாறை. அதன் மேல்முகத்தில் ஆறு குழிகள். குழியில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டுவைப்பார்களாம். வெளியூர்க்காரர்கள் ரொட்டியையும் மற்ற பொருள்களையும் அங்கே வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவார்களாம். வினிகர் நோயைக் கொல்லும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. முந்நூற்றைம்பது வருடமாக வந்தவர் போனவர் எல்லாரும் விரலை விட்டுப் பார்த்ததில் குழியின் ஓரங்கள் ஆட்டுக்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. இப்போதும் யாராவது சில்லறை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

வடக்கே மேட்டில் மாம்பெஸன் கிணறு இருக்கிறது. கிணறு என்றால் நம் ஊர்க் கிணற்றை நினைக்காதீர்கள். ஒரு ஊற்று, சுற்றிக் கம்பிவேலி, மேலே ஒரு கல்பலகை, அவ்வளவுதான். அங்கே ஓடும் நீரில் காசைப் போட்டிருக்கிறார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பி உதவினார்.

மாம்பெஸன் யார் என்று சொல்லவில்லையே. வில்லியம் மாம்பெஸன், அந்த ஊர் ஆயர். வயது 28. ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஜூனில் பிள்ளைகள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார். மனைவி கேத்தரின் போக மறுத்துக் கூடவே இருந்தார். ஆகஸ்ட் 25ஆம் தேதி அவரும் இறந்துபோனார். தேவாலய முற்றத்தில் அவருக்கு மேசை போன்ற கல்லறை இருக்கிறது.


ஏட்டுப்பிரதி எழுதியது:

இருவர் எழுதியதும் அருமை. சில இடங்களில் நிதானமாக நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, மாம்பெஸன் பெயர் மட்டுமே எப்போதும் முன்னால் வருகிறது. அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லி என்ற தூய்மைவாதப் போதகர் இருந்தார். அரசு வகுத்த செபநூலை ஏற்க மறுத்து 1662இல் பதவி இழந்தவர். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. மக்களில் பெரும்பாலோர் மனத்தில் அவர்தான் தங்கள் போதகர். புதிதாக வந்த இளம் ஆயர் ஒருவர் தனியாக நின்று 'யாரும் வெளியே போகாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. அரசியலிலும் சமயத்திலும் எதிரெதிர் முகாமில் இருந்த இரண்டு பேர், ஒருவரை வெளியேற்றிய நாற்காலியில் மற்றவர் உட்கார்ந்திருந்த நிலையிலும், சேர்ந்து நின்றார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கதையில் என்னை அசைப்பது அதுதான்.

இரண்டு, எண்ணிக்கை. '350 பேரில் 83 பேர்தான் மிஞ்சினார்கள்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பழைய நூல்களிலிருந்து வந்த கணக்கு அது. ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 700 இருந்திருக்க வேண்டும் என்பதே பிற்கால ஆய்வின் மதிப்பீடு. அப்படியென்றால் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதுவே பயங்கரமான விகிதம். இறந்தவர் எண்ணிக்கையில் பெரிய சந்தேகம் இல்லை. 76 குடும்பங்களில் 259 பேர் என்று மாம்பெஸனே 1666 நவம்பரில் கடிதம் எழுதியிருக்கிறார்.

மூன்று, அன்றைக்கே எழுதப்பட்ட சாட்சியம் மிகக் குறைவு. மாம்பெஸனின் மூன்று கடிதங்கள், அடக்கப் பதிவேடு, அவ்வளவே. அந்தப் பதிவேடும் பிற்பாடு படியெடுத்ததுதான். 1720களில் ரிச்சர்ட் மீட் என்ற மருத்துவர் கொள்ளைநோய் பற்றிய தன் நூலில் இந்த ஊரைச் சேர்த்தார். தகவல் கொடுத்தவர் மாம்பெஸனின் மகன். அதன்பின் 1842இல் வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர் ஊர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். நாம் இன்று சொல்லும் விவரங்களில் பாதி அவர் கிழவர்களிடம் கேட்டு எழுதியவை. பேட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர், இந்த 'வீரக்கதை' எப்படித் தலைமுறை தலைமுறையாக உருக்கொண்டது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.


கல்தச்சன் எழுதியது:

ஏட்டுப்பிரதி ஐயா, ஸ்டான்லி பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. என் பதிவில் அவரை விட்டது என் தவறு. ஆனால் 'உருக்கொண்ட கதை' என்று சொல்லும்போது ஊர் மக்கள் செய்தது பொய் என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.


ஏட்டுப்பிரதி எழுதியது:

அப்படி ஆகாது. அவர்கள் இறந்தது உண்மை, பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போகாததும் உண்மை. வசதியுள்ளவர்கள் சிலர் முன்பே கிளம்பியிருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். போக்கிடம் இல்லாத ஏழைகள் எத்தனை பேர், மனமுவந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று இன்று பிரிக்க முடியாது. போக்கிடம் இல்லாமல் நின்றவருக்கும் மரியாதை குறையக்கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்றைக் கவனியுங்கள். மாதவாரியாக மரணங்களைப் பார்த்தால் 1665 அக்டோபரில் ஏறி, குளிர்காலத்தில் இறங்கி, வசந்தத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடுகிறது. 'விட்டுவிட்டது' என்று ஊரே மூச்சுவிட்டிருக்கும். ஜூனில் மறுபடி ஏறுகிறது. ஜூலையில் 56, ஆகஸ்டில் 78. தடுப்பு முடிவு ஏன் முதல் மரணம் நடந்து ஒன்பது மாதம் கழித்து வந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.


நுண்ணோக்கி எழுதியது:

நான் நுண்ணுயிரியல் படித்தவன். மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

பிளேக் என்றால் எலி, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி, அங்கிருந்து மனிதன் என்றுதான் பள்ளியில் படித்தோம். அதை வைத்துத்தான் 'ஊரைப் பூட்டியது தப்பு, எலிகளோடு சேர்த்து மனிதர்களை அடைத்துச் சாகவிட்டார்கள்' என்று சிலர் வாதிடுகிறார்கள். 2016இல் லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடலோ இருவரும் இந்த ஊரின் அடக்கப் பதிவுகளையும் வீட்டுவாரித் தகவல்களையும் எடுத்துக் கணித மாதிரி அமைத்து ஆராய்ந்தார்கள். எலிவழி வந்த தொற்று கால்பங்குதான்; முக்கால்பங்கு மனிதரிலிருந்து மனிதருக்கு என்று கண்டார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். மனிதர்மேல் வாழும் பேன், தெள்ளுப்பூச்சி மூலமாகவோ, நுரையீரலைத் தாக்கும் வகையாக இருந்தால் இருமல் மூலமாகவோ பரவியிருக்கலாம்.

அப்படிப் பார்த்தால் ஊரார் எடுத்த முடிவுகளில் இரண்டு, இன்றைய அறிவுக்கும் பொருந்துகின்றன. கூட்டமாக ஒரு கூரையின் கீழ் கூடாமல் இருந்தது. வெளியூருக்கு நோயைக் கொண்டுபோகாமல் இருந்தது. கிருமி என்ற சொல்லுக்கே வழியில்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் குடும்பமே குடும்பத்தைப் புதைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்தந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று நினைத்தால் தாங்கவில்லை.


பனிமூட்டம் எழுதியது:

இந்த ஊரில் பிழைத்தவர்களின் சந்ததியாருக்கு பிளேக்கைத் தடுக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக ஒரு டிவி ஆவணப்படத்தில் பார்த்த ஞாபகம். எய்ட்ஸ் கிருமியையும் அது தடுக்குமாம். உண்மையா?


நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது சிசிஆர்5 டெல்டா 32 என்ற மாற்றம். எய்ட்ஸ் கிருமியின் பெரும்பாலான வகைகள் உடலணுவுக்குள் நுழைவதை அது தடுக்கிறது, அதில் ஐயமில்லை. பிளேக்கையும் தடுத்திருக்கலாம் என்று கருதி ஈமில் பழங்குடும்பத்தினரின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். பிற்பாடு எலிகளில் சோதித்தபோது பிளேக் கிருமிக்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. அந்த மாற்றம் ஐரோப்பாவில் பரவியதற்குப் பெரியம்மை காரணமாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஆகவே ஈம் மக்கள் மரபணுவால் பிழைத்தார்கள் என்று சொல்ல ஆதாரம் போதாது.


கிணற்றடி எழுதியது:

ரைலி கல்லறைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நானே எழுதுகிறேன். ஊருக்குக் கிழக்கே அரை மைல் மேட்டில், வயல் நடுவே ஒரு சின்னக் கல்சுவர் வளையம். உள்ளே ஏழு பேருக்கு அடையாளக் கற்கள். எலிசபெத் ஹான்காக் என்ற தாய், 1666 ஆகஸ்ட் மாதம், 3ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிக்குள், எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்த இடம். பிள்ளைகளின் பெயர்கள் எலிசபெத், ஜான், ஓனர், வில்லியம், ஆலிஸ், ஆன். கால்களில் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார் என்று சொல்வார்கள். எதிர்மேட்டில் ஸ்டோனி மிடில்டன்காரர்கள் நின்று பார்த்தார்கள், வந்து உதவ முடியவில்லை என்பதும் ஊர்ப்பேச்சு. கடைசியில் அந்த அம்மா மிஞ்சியிருந்த ஒரு மகனிடம் ஷெஃபீல்டுக்குப் போய்விட்டார்.

முதல்முறை போனபோது என் மூத்தவனுக்கு ஐந்து வயது. சுவருக்குள் ஓடி விளையாடப் பார்த்தான். கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மார்ஷல் ஹோவ் என்று ஒருவர். நோய் வந்து பிழைத்தவர், தனக்கு இனி வராது என்ற தைரியத்தில் ஆளில்லாத வீடுகளின் பிணங்களைப் புதைத்தார். கூலியாக இறந்தவரின் உடைமைகளை எடுத்துக்கொள்வாராம். அவருடைய மனைவியும் மகனும் அதே ஆகஸ்டில் போனார்கள். வெகுகாலம் வரை அவர் பெயரைச் சொல்லித்தான் குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள் என்று வுட் எழுதியிருக்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. யாரும் தொடாத உடலைத் தொட்ட மனிதர் அவர்.


பனிமூட்டம் எழுதியது:

அக்கா, அந்தக் காதலர்கள் கதையும் இருக்கிறதே? எமட் சிடல், ரோலண்ட் டோர். பெண் ஈம், பையன் ஸ்டோனி மிடில்டன். கக்லெட் டெல்ஃபில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்துக்கொள்வார்களாம். ஒருநாள் அவள் வரவில்லை.


ஏட்டுப்பிரதி எழுதியது:

அதில் ஒரு தேதியைப் பாருங்கள். எமட் இறந்தது 1666 ஏப்ரல் கடைசியில். ஊர் கூடி எல்லை போட்டது ஜூனில். அதாவது அவர்கள் விலகி நின்றபோது அப்படி நிற்கச் சொல்லி ஊர்க்கட்டுப்பாடு எதுவும் இல்லை. கதை உண்மையென்றால், அந்தத் தூரத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஊர் கட்டிப்போட்டதால் பிரிந்தார்கள் என்று சொல்வதைவிட இது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.


தாழ்வாரம் எழுதியது:

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். ஒருநாள் பயணமாக அழைத்துப்போக நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பிளேக் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சாவு பற்றியே நாள் முழுக்கப் பேசினால் அம்மா சோர்ந்துவிடுவார்.


கல்தச்சன் எழுதியது:

நிறைய இருக்கிறது. ஊருக்கு வயது பிளேக்கைவிடப் பல நூறு வருடம் அதிகம். இரண்டு நீரோடைகளுக்கு நடுவே தீவுபோல் கிடந்த நிலம் என்பதால் பழைய ஆங்கிலத்தில் 'தீவு' என்ற சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்கிறார்கள். 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கிலேயே ஊர் இருக்கிறது.

தேவாலய முற்றத்தில் நிற்கும் கற்சிலுவையிலிருந்து தொடங்குங்கள். 8ஆம் நூற்றாண்டு, மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய அரசின் பாணி. முன்பு மலைமேட்டு வண்டிப்பாதை ஓரம் நின்றதாம். தண்டில் ஒரு துண்டு காணாமல் போய்விட்டது. ஆனால் சிலுவையின் தலைப்பகுதி தப்பியிருக்கிறது. இந்தக் காலத்துச் சிலுவைகளில் தலை தப்புவது அபூர்வம். தண்டு முழுக்கச் சுருள் கொடியும் உருவங்களும். நான் சிற்ப வேலை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன், அந்தக் கொடியின் வளைவைச் செதுக்கிய கை நடுங்காத கை என்று சொல்வேன்.

தலையை நிமிர்த்தினால் தெற்குச் சுவரில் 1775 என்று தேதியிட்ட சூரியக் கடிகாரம். நேரம் மட்டுமில்லை, மாதவாரியாகச் சூரியனின் போக்கும், தூர தேசத்து ஊர்களின் நண்பகலும் அதில் குறித்திருக்கிறது. வெயில் உள்ள நாளில் போனால்தான் பலன். அதே முற்றத்தில் ஹாரி பேக்ஷா என்ற கிரிக்கெட்காரரின் கல்லறை. டார்பிஷயருக்கு ஆடி, பிறகு நடுவராக இருந்து 1927இல் காலமானவர். கல்லில் பந்து பட்டு ஸ்டம்ப் சிதறுவதையும், மேலே நடுவரின் உயர்த்திய விரலையும் செதுக்கியிருக்கிறார்கள். உங்கள் அம்மா கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

உள்ளே 1985இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் பிளேக் கதையைச் சொல்கிறது. தேவாலயத்தை ஒட்டித்தான் பிளேக் வீடுகள். ஒவ்வொன்றின் முன்பும் அங்கே யார் யார் இறந்தார்கள் என்ற பலகை. உள்ளே இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள், ஆகவே ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

அதே தெருவில் இன்னும் மேற்கே ஈம் ஹால். பிளேக் முடிந்த சில வருடங்களில், 1670களின் தொடக்கத்தில் ரைட் குடும்பத்தார் கட்டிய மாளிகை. எதிரே புல்திடலில் பழைய தொழுமரம் இருக்கிறது. குற்றம் செய்தவர்களின் காலை மாட்டி உட்காரவைக்கும் மரச்சட்டம். இதெல்லாம் தேவாலயத்திலிருந்து சமதளத்தில் சில நிமிட நடைதான். அருங்காட்சியகம் 1994இல் பழைய மெத்தடிஸ்ட் ஆலயத்தில் திறந்தது. கூரையில் காற்றுத்திசை காட்டி எலி வடிவத்தில் நிற்கும்.


கிணற்றடி எழுதியது:

ஈயச் சுரங்கத்தை விட்டுவிட்டீர்களே தம்பி. இந்த ஊரின் சோறு அதுதான். பிளேக்குக்கு முன்பும் பின்பும் ஆண்கள் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். வெட்டியெடுத்த ஒவ்வொரு அளவைத் தாதுவுக்கும் ஆயருக்கு ஒரு பென்னி தசமபாகம் போகும். 18ஆம் நூற்றாண்டில் நல்ல தாதுரேகை கிடைத்தபோது ஈம் ஆயர் பதவி பணக்காரப் பதவியாகிவிட்டது. அந்தக் காலத்து ஆயர் ஒருவரின் மகள்தான் கவிஞர் ஆனா சீவர்ட், 1742இல் இங்கே பிறந்தவர். சுரங்கம் தளர்ந்த பிறகு பட்டு நெசவு, அப்புறம் செருப்புத் தொழிற்சாலைகள். தெருவோரக் கல்தொட்டிகளையும் பாருங்கள். 1588இல் குழாய்வழி தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாட்டின் மிச்சம் என்று பலகை சொல்கிறது.

தாழ்வாரம், அம்மாவை ரைலி மேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், ஏற்றம் இருக்கிறது. எல்லைக்கல்லுக்கும் புல்வெளி வழிதான். மழை பெய்திருந்தால் வழுக்கும். ஆகஸ்ட் கடைசியில் வர முடிந்தால் கிணறு அலங்காரம் பார்க்கலாம். ஈரக் களிமண் பலகையில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் வரைவார்கள். நம் வாசல் பூக்கோலம் நினைவுக்கு வரும். அந்த மாதக் கடைசி ஞாயிறுதான் பிளேக் ஞாயிறு. கக்லெட் டெல்ஃப் வரை ஊர்வலமாகப் போய், 1666இல் போலவே திறந்தவெளியில் வழிபடுவார்கள்.


தாழ்வாரம் எழுதியது:

போய்வந்தோம். எல்லாருக்கும் நன்றி. அம்மா சிலுவைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிளேக் வீட்டுப் பலகைகளை நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு வீட்டில், 'இந்த வீட்டில் யார் மிஞ்சினார்கள், அதைப் படி' என்றார். கேத்தரினின் கல்லறையில் யாரோ வைத்த சின்னப் பூங்கொத்து இருந்தது. ஹாரி பேக்ஷாவின் விரலையும் பார்த்தார்.

ரைலிக்கு நான் மட்டும் ஏறினேன், அம்மா கீழே காரில் இருந்தார். திரும்பி வந்ததும் அந்த ஆறு பெயர்களையும் கேட்டார், சொன்னேன். ஓனர் என்பது ஆணா பெண்ணா என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை.


ஏட்டுப்பிரதி எழுதியது:

ஹானர் என்ற பெண்பெயரின் பழைய எழுத்துமுறை அது. பெண்பிள்ளை. அம்மாவிடம் சொல்லுங்கள்.


கல்தச்சன் எழுதியது:

இந்த வருடம் பிளேக் ஞாயிறுக்கு நான் போகிறேன். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் கிரிண்டில்ஃபோர்டு இறங்கி அங்கிருந்து நடக்கலாம் என்று எண்ணம், சில மைல் ஏற்றம். சேர்ந்து வர விருப்பமுள்ளவர்கள் தனிமடலில் எழுதுங்கள். தேவாலயத்திலிருந்து ஊர்வலம் கிளம்புவதற்கு முன் எல்லைக்கல்லுக்கும் போய்வர நேரம் இருக்கும்.


கிணற்றடி எழுதியது:

நானும் பெரியவனும் வருகிறோம். அவனுக்கு இப்போது பதினாறு வயது.